கருதுக்குக் கட்டிய துணி

மருமகள் மக்காச்சோளம் வாங்கி வருகிறாள். உரித்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, முத்துகளைச் சீவி, பையில் கட்டி ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் அடுக்குகிறாள். ஐஸாக உறைந்து ஆறு மாசம் கெடாமல் இருக்குமாம். "எவ்வளவு நேரம் கொதிக்கணும் அத்தை?" என்று நேற்று கேட்டாள். "நகத்தால் கீறினா பால் தெறிக்கக் கூடாது, மாவும் ஆயிருக்கக் கூடாது. அந்த நேரம்" என்றேன். "நிமிஷத்துல சொல்லுங்க" என்றாள். நிமிஷத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் கடிகாரமா மாட்டியிருந்தது? அந்த அடுப்பின் முன்னால் நின்றே கால் வீங்கினவள் நான். மக்காச்சோளம் என்றால் மற்றவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். எனக்கு இடுப்பு வலிதான் முதலில் வரும்.

இரண்டாம் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் எங்கள் ஊர். காட்டில் கம்பும் வரகும் சோளமும் போடுவோம். மக்காச்சோளம் எங்கள் கிணற்றடியில் மட்டும்தான் இருந்தது, அதுவும் ஆறே பாத்தி. அந்த ஆறு பாத்தியும் என் நாத்தனாருடையது.

என் கணவருக்கு மூத்தவர். அண்ணி என்று கூப்பிடுவேன். பச்சைமலை அடிவாரத்தில், அரும்பாவூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வருஷமே புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். பிள்ளை இல்லை. ஒரு வருஷம் வைத்து மாடு மாதிரி வேலை வாங்கிவிட்டு, "உன் பொறந்த வூட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்கள். போட்டுக்கொண்டு போன நகை அங்கேயே நின்றுவிட்டது. கிளம்பும்போது முந்தானையில் ஒரு கைப்பிடி மக்காச்சோள விதையை முடிந்துகொண்டு வந்திருக்கிறார். அந்த வீட்டிலிருந்து அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். "இனிமே அந்த வாசப்படிய மிதிச்சேன்னா நான் மனுசியே இல்ல" என்று நான் கல்யாணமாகி வந்த பிறகும் நாலைந்து தடவை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மற்றபடி அதிகம் பேசமாட்டார்.

எனக்குத்தான் வாய் நீளம். வந்த முதல் வருஷம் ஒரு நாள், அரிசி குறைந்து போன எரிச்சலில், பானையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி, "உக்கார வச்சு சோறு போட இங்க என்ன சத்திரமா நடக்குது?" என்று சொல்லிவிட்டேன். பானைக்குக் காது இல்லை, அண்ணிக்கு இருந்தது. மறுநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனவர்தான். கருவேல முள்ளும் கோரையும் மண்டிக் கிடந்த இடத்தை ஒண்டியாகக் கொத்தி ஆறு பாத்தி கட்டினார். என் கணவர் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, நீ கொண்டாந்த வெதை இருக்கிற வரைக்கும் இந்த ஆறு பாத்தியும் உன்னுது. யாரும் வாய் தொறக்க மாட்டாங்க" என்றார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

அதிலிருந்து ஐப்பசி மழை பிடித்தால் தை பிறக்கிற வரை எங்கள் வீட்டில் பாதி வயிறு அந்தச் சோளத்தால் நிரம்பும். ரேஷன் அரிசியில் கல்லும் புழுவும் போக மிஞ்சுவது என்ன? அண்ணி அவித்துக் காயவைத்த முத்தை முதல் நாளே ஊறப் போட்டால் மறுநாள் பச்சை முத்து மாதிரியே பூத்துக் கிடக்கும். தாளித்தும் தின்போம், குழம்பிலும் போடுவோம். அண்ணி தன் தட்டில் சோளத்தைத்தான் முதலில் வைத்துக்கொள்வார். அரிசிச் சோறு கடைசியில் ஒரு கை. நான் போட்டாலும் தள்ளி வைத்துவிடுவார். நான் அன்று பானையிடம் சொன்னதை அவர் மறக்கவில்லை என்பது அந்தத் தட்டைப் பார்த்தாலே தெரியும்.

வேலை என்றால் சாமானிய வேலையா அது? ஆவணியில் கருது, கதிரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பால் பிடித்து இறுகத் தொடங்கும்போது ஒடித்தாக வேண்டும். இரண்டு நாள் தள்ளினால் முத்து முற்றிவிடும், அவித்தாலும் கல்தான். ஒடித்த கருதை அன்றைக்கே அவிக்க வேண்டும், இல்லாவிட்டால் இனிப்பு இறங்கிவிடும். ஆகவே ஒரே நாளில் எல்லாம். விடிவதற்குள் பெரிய அண்டாவில் உப்புத் தண்ணீர் ஏற்ற வேண்டும். தோகை உரித்து, நார் பிடுங்கி, கருதைக் கொதியில் போட்டு, பதம் பார்த்து அரித்தெடுத்து, உடனே கிணற்றுத் தண்ணீரில் போட வேண்டும். ஆறினதும் அரிவாள்மனையில் முத்தைச் சீவி ஓலைப்பாயில் பரப்ப வேண்டும். அப்புறம் மூன்று நாள் காக்காய், கிளி, கோழி, மேகம் எல்லாவற்றோடும் சண்டை. காய்ந்ததை நொச்சித் தழை போட்ட பானையில் கொட்டி வாயை மண் வைத்து மெழுகி எடுத்தால், நாலு நாள் என் கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி கிடக்கும்.

இதில் விதைக்கு என்று ஒரு முறை வைத்திருந்தார் அண்ணி. கருது திரண்டு வரும்போதே பாத்தி முழுக்க நடந்து பார்த்து, நல்ல செடியாகப் பதினெட்டைத் தேர்ந்தெடுப்பார். தன் பழைய வெள்ளைச் சேலையை நாலு விரல் அகலத்துக்குக் கிழித்து, அந்தப் பதினெட்டுச் செடியின் தண்டிலும் ஒவ்வொரு துண்டு கட்டிவிடுவார். துணி கட்டிய செடியில் யாரும் கை வைக்கக் கூடாது. அது செடியிலேயே முற்றிக் காய்ந்து, அடுத்த வைகாசிக்கு விதையாகும். ஒடிக்க வருகிற கூலிப் பெண்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கம். வெள்ளைத் துணியைக் கண்டால் விலகிப் போய்விடுவார்கள்.

நான் சொல்லவந்த வருஷம், எனக்குத் தலைச்சன் பிறந்து நாலு மாசம். பெண் குழந்தை. அந்த ஆவணியில் அதற்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. துணிக்கு நான் எங்கே போவேன்? துணிக்கும் ரேஷன் வந்திருந்த காலம். என் கணவர் அரியலூர் போய்ப் பொழுதெல்லாம் வரிசையில் நின்று வாங்கி வந்தது சாக்கு மாதிரி ஒரு முரட்டுத் துணி. அதைக் கட்டினால் குழந்தையின் தொடை சிவந்து புண்ணாகிவிட்டது. என் பழைய சேலைகளைக் கிழித்தாயிற்று. கணவரின் துண்டையும் கிழித்தாயிற்று. துவைத்துப் போட்டதெல்லாம் மூட்டத்தில் காயாமல் நாறிக்கொண்டு தொங்கியது. மூன்று நாளாக எனக்குக் கண் மூடவில்லை. குழந்தை அழும், நான் அழுவேன்.

நாலாம் நாள் சாயங்காலம் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கருது ஒடிப்பு. தலையைத் தூக்கினால் கண்ணெதிரே பதினெட்டு வெள்ளைத் துண்டு. வருஷக்கணக்கில் உடுத்தித் துவைத்துப் பூவாக இருந்த துணி. அண்ணியிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். இப்போது சொல்கிறேன், அப்போதும் எனக்கு அது தெரியும். ஆனால் சத்திரமா நடக்குது என்று கேட்ட வாயால், பிள்ளைக்குக் கந்தல் கொடுங்கள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. கேட்காமலே அவிழ்த்தேன். ஒன்றை அவிழ்த்தேன், இரண்டை அவிழ்த்தேன், பதினெட்டையும் அவிழ்த்துவிட்டேன். பதிலுக்குக் கற்றாழை நார் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். வேலியோரம் கற்றாழை இருந்தது. கத்தி எடுக்க வீட்டுக்குப் போனேன். தொட்டிலில் குழந்தை வீறிட்டது. எடுத்து மடியில் போட்டவள், துண்டுகளைச் சேர்த்து வைத்துத் தைக்க ஆரம்பித்தேன். அதைக் கட்டிவிட்டதும் பிள்ளை அழாமல் தூங்கியது. நானும் உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துவிட்டேன்.

கண் விழித்தபோது பலபலவென்று விடிந்திருந்தது. வாசலில் அண்டா கொதிக்கிறது. அண்ணி அடுப்பின் முன்னால் நிற்கிறார். கூலிப் பெண்கள் இரண்டாவது கூடையைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எனக்கு நார் ஞாபகம் வந்தது. பிள்ளையைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். ஆறு பாத்தியும் மொட்டையாக நின்றது. பதினெட்டுச் செடி எது என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வந்து உட்கார்ந்து தோகை உரித்தேன். உரித்த கருதையெல்லாம் அண்ணி என் கையிலிருந்து வாங்கி வாங்கிக் கொதியில் போட்டார். நான் நீட்டுகிற ஒவ்வொன்றும் விதைக் கருதாக இருக்குமோ என்று உரிப்பதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். "என்ன புள்ள, மேலுக்கு முடியலயா? போய்ப் படு" என்றார். அது வேறு.

சாயங்காலம் பாய்களைப் பரப்பிவிட்டு அண்ணி கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். போனவர் வெகு நேரம் வரவில்லை. வந்ததும் கூலிப் பெண்களைப் பார்த்து, "வெதைக் கருதையும் ஒடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கோபமாகக் கூடக் கேட்கவில்லை.

"துணி எதுவும் கட்டியிருக்கலியேம்மா" என்றாள் அவர்களில் மூத்தவள். "இந்த வருசம் வெதை வேற எங்கயோ வுட்டுருக்கீங்கன்னு நெனச்சோம்."

என் கணவர் பாய்ந்துகொண்டு வந்தார். "கண்ணு எங்கடி வச்சிருந்தீங்க? வருசா வருசம் பாக்கறீங்கல்ல?" என்று அந்தப் பெண்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கிவிட்டார். மூத்தவள் என்னைத்தான் பார்த்தாள், ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்கிற மாதிரி. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். என்னை நானே காறித் துப்ப வேண்டிய நேரம் அது.

"வுடு தம்பி. அவங்க மேல தப்பில்ல. காத்துல அவுந்து போயிருக்கும்" என்றார் அண்ணி. பதினெட்டு முடிச்சும் ஒரே காற்றில் அவிழுமா? என் கணவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவிக்காமல் மிஞ்சியது நாலே கருது. அவையும் பால் கருதுதான். இருந்தாலும் அண்ணி தோகையைப் பின்னி அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க, அடுப்பு ஊதுகிற போதெல்லாம் என் தலைக்கு மேலே அந்த நாலு கருதும் ஆடிக்கொண்டிருந்தது. கார்த்திகை மழை பத்து நாள் விடாமல் கொட்டியபோது சோளப் பானை திறந்தோம். எல்லோரும் சூடாகத் தின்றார்கள். எனக்கு இறங்கவில்லை. அடுத்த வருஷத்து விதையை மென்றுகொண்டிருக்கிறேன் என்ற நினைப்புதான். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன். மாடு, சாணி, பிள்ளை, அடுப்பு என்று பொழுது போகும். உடம்பு ஓய்ந்துவிட்டால் மனசாட்சியும் சேர்ந்து படுத்துக்கொள்கிறது, என்ன செய்ய?

வைகாசி பிறந்ததும் அண்ணி கருதுகளை இறக்கினார். முத்தெல்லாம் சுருங்கி, கிழவி பல் மாதிரி ஆடியது. அதில் இருபதைப் பொறுக்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொட்டாங்கச்சியில் வைத்தார். மூன்றாம் நாள் பிரித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. வழவழவென்று கூழாகி நாற்றமடித்தது.

"போவட்டும் அக்கா" என்றார் என் கணவர். "மொளகா நாத்து இருக்கு. அந்த ஆறு பாத்தியிலயும் நட்டுடறேன். உனக்கு இங்க யாரு என்ன சொல்லப் போறா?" அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் வெதை இருக்கிற வரைக்கும் என்று சொன்னவரும் அவர்தானே. அன்று மத்தியானம் தட்டில் சோறு போட்டேன். "பசிக்கல" என்று எழுந்து போய்விட்டார். அந்தத் தட்டை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் இந்த வீட்டில் அவர் சாப்பிடுகிற ஒவ்வொரு பிடியும் என் சோறாகத்தான் தொண்டையில் இறங்கும் என்பது எனக்குப் புரிந்தது.

மறுநாள் விடியலில் அண்ணி ஒரு மாற்றுச் சேலையைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். "அரும்பாவூர் வரைக்கும் போயிட்டு வரேன் புள்ள. தம்பிகிட்ட சொல்லிடு. நாத்து நட வேணாம்னு சொல்லு."

எந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று சொன்னாரோ அங்கே. "வேணாம் அண்ணி" என்றேன். "அண்ணி, அந்தத் துணி..." என்றேன். "நேரமாச்சு. கரி பஸ்ஸு போயிடும்" என்று இறங்கி நடந்துவிட்டார். அப்போதெல்லாம் பெட்ரோல் இல்லாமல் கரி போட்டு ஓட்டுகிற பஸ். பெரம்பலூரில் ஏறினால் எங்கே நிற்கும், எங்கே தள்ளச் சொல்வான் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று நாள் ஆயிற்று வர. முகமெல்லாம் கரிப்புகை. முந்தானையில் ஒரு முடிச்சு. வாங்கி அவிழ்த்துப் பார்த்தேன், இரண்டு கைப்பிடி விதை இருக்கும், கெட்டியான நல்ல விதை. தண்ணீர் கொடுத்தபோதுதான் கையைக் கவனித்தேன். உள்ளங்கை கொப்புளம் உடைந்து ரணமாகியிருந்தது.

"என்ன அண்ணி இது?"

"ரெண்டு நாளு களை வெட்டுனேன்."

"அவங்க வூட்டுக்கா?"

"சும்மா குடுக்க மாட்டேன்னுட்டாங்க. கூலி ஆளுங்களோட எறங்கச் சொன்னாங்க. எறங்குனேன். கூலிக்கு வெதையா அளந்தாங்க." தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "கூலிக் கூழும் ஊத்துனாங்க, கையில."

அந்த வீட்டின் மருமகள். சொம்பை எடுத்துக்கொண்டு நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. எங்கள் வீட்டில் ஒடிக்க வருகிற அந்தப் பெண்கள் வருஷம் முழுக்கச் செய்கிற வேலைதான் அது. அவர்கள் மேல் விழுந்த திட்டையும் நான்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

விதை பழுதில்லாமல் முளைத்தது. ஆறு பாத்தியும் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. அடுத்த ஆவணி வந்தபோது என் வயிற்றில் இரண்டாவது, ஆறு மாசம். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. மறுபடியும் அண்டா, மறுபடியும் அரிவாள்மனை என்று நினைக்கும்போதே அலுப்பாக வந்தது.

கருது திரண்ட சமயம் ஒரு நாள், அண்ணி தன் பழைய சேலையை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். நாலு விரல் அகலத்துக்குச் சர்ரென்று கிழித்தார். பதினெட்டுத் துண்டை எண்ணி ஒரு பக்கம் வைத்தார். எழுந்துவிடுவார் என்று பார்த்தேன். எழவில்லை. மீதிச் சேலையை அகல அகலமாகக் கிழித்து, ஓரம் மடித்து, இன்னொரு பக்கம் அடுக்கினார்.

"இது வரப்போற புள்ளைக்கு" என்று அகலத் துணியை என் மடியில் வைத்தார். "இது கருதுக்கு. இந்தத் தடவ மாத்திப்புடாத."

"எப்ப தெரியும் அண்ணி?"

"அன்னிக்கே. கொடியில காஞ்சுதே. பத்து வருசம் உடுத்துன துணி எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல? ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாமே. அந்த வூட்டுக்குப் போய்..."

"பாப்பாவுக்குத் தொடையில புண்ணு ஆறிடுச்சுல்ல?" என்றார் அண்ணி. "நீ கேட்டிருந்தா முழுச் சேலையும் குடுத்திருப்பேன். கேக்கலியே, அதான் ஒரு மாதிரியா இருந்துச்சு."

எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். நான் பதினெட்டுத் துண்டையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அவர் காட்டி வைத்திருந்த செடிகளில் கட்டினேன். கட்டிக்கொண்டே தேம்பினேன். ஒடிப்புக்கு முந்திய நாள் சாயங்காலம் மறுபடியும் போய் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன்.